தாளில் 198, மீட்டரில் 290: ஒட்டு வீடு ஒன்றின் மறைவான வெப்ப இழப்பு

கூரைப் பரணில் 200 மில்லிமீட்டர் கிளாஸ் வூல் (வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியிழைப் பஞ்சு) விரித்தாயிற்று. சன்னல்கள் எல்லாம் இரட்டைக் கண்ணாடி. இரட்டை அடுக்காகக் கட்டிய வெளிச்சுவரின் நடு இடைவெளியிலும் வெப்பக்காப்பு ஊதி நிரப்பியாயிற்று. ஆனாலும் மாடி அறை குளிர்கிறது. குளிர்காலம் வந்தால் எரிபொருள் செலவு குறைந்தபாடில்லை. குளிர்நாடுகளில் வீட்டை மேம்படுத்தியவர்கள் பலர் சொல்லும் புகார் இது. இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை, "பரணில் இன்னும் 100 மில்லிமீட்டர் போடுங்கள், சன்னலை மாற்றுங்கள்" என்பது. அந்த யோசனை ஏன் பலன் தருவதில்லை, வெப்பம் உண்மையில் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை ஒரு வீட்டை வைத்து முழுமையாகப் பார்ப்போம்.

இங்கே எடுத்துக்கொண்டது ஒரு மாதிரி வீடு. இப்படிப்பட்ட வீடுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் குறைகளை ஒன்றாக வைத்து, எண்களோடு கணக்கிட்டிருக்கிறோம். அளவுகளை மாற்றிப் போட்டால் இதே வழிமுறை உங்கள் வீட்டுக்கும் பொருந்தும்.

வீடு

இரண்டு தளம். ஒரு பக்கச் சுவர் அண்டை வீட்டோடு பொதுச் சுவர். தரைப்பரப்பு 7 மீட்டருக்கு 8 மீட்டர், அதாவது தளத்துக்கு 56 சதுர மீட்டர். உயரம் 5 மீட்டர், கன அளவு 280 கன மீட்டர். வெளிக்காற்று படும் சுவர் 110 சதுர மீட்டர். அதில் சன்னலும் கதவும் 20 போக, சுவர் 90. பொதுச் சுவர் 40 சதுர மீட்டர்; அது நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர். வெளிச்சுவர்களின் உட்பக்கம் ஜிப்சம் போர்டை ஈரப்பூச்சுக்குப் பதிலாகப் பசை உருண்டைகளால் ஒட்டியிருக்கிறார்கள். இந்தக் கடைசி விவரத்தை மறக்க வேண்டாம். பிறகு இதற்கு வேலை இருக்கிறது.

தாள் கணக்கு

ஒரு பரப்பின் வழியாகப் போகும் வெப்பம் என்பது அதன் யூ மதிப்பு, பரப்பளவு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கல். யூ மதிப்பு என்றால், ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு எத்தனை வாட் போகிறது என்பது. எனவே யூ மதிப்பைப் பரப்பால் பெருக்கிக் கூட்டினால், வெளியே ஒரு டிகிரி குறைந்தால் வீடு எத்தனை வாட் கூடுதலாக இழக்கும் என்று தெரிந்துவிடும். அதுதான் வீட்டின் வெப்ப இழப்புக் கெழு.

காப்பு நிரப்பிய இரட்டைச் சுவருக்கு 0.5 என்று வைத்தால் 90 சதுர மீட்டருக்கு 45 வாட். சன்னல், கதவுக்குச் சராசரி 2.0 என்றால் 40. பரணுக்கு 0.2, ஆக 11. காப்பில்லாத தரைக்கு 0.6, ஆக 34. மூலைகள், லிண்டல்கள், சுவரும் தரையும் சேரும் இடங்கள் போன்ற, காப்பைத் தாண்டி வெப்பம் நழுவும் வெப்பப் பாலங்களுக்கு 22. இதுவரை 152. காற்று மாற்றத்துக்கு, மணிக்கு வீட்டுக் காற்றில் பாதி மாறுகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 0.33 வாட்-மணி வேண்டும். 0.33 × 0.5 × 280 = 46 வாட். மொத்தம், டிகிரிக்கு 198 வாட்.

பொதுச் சுவருக்கு இந்தக் கணக்கில் சுழியம் போட்டிருக்கிறது. இரு பக்கமும் சூடான வீடு, வெப்பம் எங்கே போகும் என்ற எண்ணம்தான் காரணம்.

மீட்டர் கணக்கு

தாள் கணக்கைச் சரிபார்க்க கருவி எதுவும் வேண்டாம். குளிர்காலத்தில் மூன்று, நான்கு வாரம், தினமும் ஒரே நேரத்தில் எரிபொருள் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைய வெளிவெப்பநிலையின் சராசரியையும் பக்கத்தில் எழுதுங்கள். வரைதாளில் கிடையாக வெப்பநிலை, செங்குத்தாக அன்றைய கிலோவாட்-மணி. புள்ளிகள் ஒரு சாய்கோட்டில் விழும். கோட்டின் சாய்வுதான் நமக்கு வேண்டியது.

இந்த வீட்டில் வெளியே ஒரு டிகிரி குறைந்தால் நாளுக்கு 8.1 கிலோவாட்-மணி கூடுகிறது. ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பி வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் திறன் 86 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்து சேரும் வெப்பம் 6.97. அதை 24 மணியால் வகுத்தால் டிகிரிக்கு 290 வாட். தாள் கணக்கைவிட 92 வாட் அதிகம். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

சில எச்சரிக்கைகள். சராசரி 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் நாட்களை மட்டும் எடுங்கள்; அதற்கு மேல் வெயில் சன்னல் வழியாகத் தரும் வெப்பம் கோட்டைக் குழப்பும். வீடு பூட்டிக் கிடந்த நாட்களையும் விறகு எரித்த நாட்களையும் விட்டுவிடுங்கள். வெந்நீருக்குப் போகும் எரிபொருள் சாய்வைப் பெரிதாக மாற்றாது, கோட்டை மேலே தூக்கும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் மின்கருவியான ஹீட் பம்ப் உள்ள வீட்டில் இது நேரடியாகப் பலிக்காது. குளிர் கூடக்கூட அதன் திறனே குறைவதால் சாய்வு மிகையாகத் தெரியும். அங்கே வெப்ப மீட்டர் வேண்டும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் 10 சதவீதப் பிசகு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 290 என்பது 260-ஆகவும் இருக்கலாம். அப்போதும் 198-க்கு வெகுதூரம்.

பரணில் ஒரு தெர்மாமீட்டர்

அடுத்த சோதனைக்கும் செலவில்லை. மேகம் மூடிய, வெயிலற்ற ஒரு நாளின் இரவில் பரணில் ஒரு தெர்மாமீட்டர், வெளியே நிழலில் ஒன்று. பரணுக்குக் கீழே காப்பு சரியாக இருந்தால் உள்ளே 20, வெளியே 0 டிகிரி எனும்போது பரண் 1 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஓடுகளின் வழியாகவும் இறவாரக் காற்றோட்டத்தின் வழியாகவும் பரண் தன் வெப்பத்தை டிகிரிக்கு சுமார் 280 வாட் வீதம் இழக்கிறது. கீழிருந்து வருவது வெறும் 11 வாட் வீதம். இந்த வீட்டில் பரண் 4 டிகிரி காட்டுகிறது. அதாவது கீழிருந்து மேலே வருவது 11 அல்ல, 60-க்கும் மேல். கிளாஸ் வூலைச் சுற்றிக்கொண்டு வெப்பம் வேறு வழியாகப் பரணுக்கு ஏறுகிறது என்பது இங்கேயே உறுதியாகிவிட்டது.

தெளிவான வானம் உள்ள இரவில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். ஓடுகள் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். பரணில் தவறு இருந்தும் எண் நன்றாகத் தெரியும்.

புளோயர் டோர்

வாசல் கதவுச் சட்டத்தில் துணித்திரையோடு மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்து, உள்ளே அழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைப்பதுதான் இந்தச் சோதனை. அந்த அழுத்தத்தைத் தக்கவைக்க விசிறி எவ்வளவு காற்றை இழுக்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு கசிவு வீட்டில் இருக்கிறது.

தொடங்கும் முன் பாய்லரையும் எரியும் சாதனம் அனைத்தையும் அணைக்க வேண்டும். கணப்படுப்பில் சாம்பல் இருந்தால் அள்ளிவிட்டுப் புகைபோக்கியை அடைக்க வேண்டும். மறந்தால் சாம்பல் அறை முழுதும் பறக்கும். கழிவுக் குழாய்களின் வளைவுகளில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். உட்கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும், பரண் கதவு மூடியிருக்கட்டும். அழுத்தத்தை ஒரே புள்ளியில் அளக்காமல் 10 முதல் 60 பாஸ்கல் வரை பல படிகளில் அளந்து, காற்றளவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள அடுக்கெண்ணைப் பாருங்கள். 0.65-ஐ ஒட்டி இருப்பது வழக்கம். 0.5-ஐ நெருங்கினால் பெரிய ஓட்டைகள், 1-ஐ நெருங்கினால் மெல்லிய விரிசல்கள். இந்த எல்லைக்கு வெளியே வந்தால் சோதனையில்தான் தவறு: காற்று வீசியிருக்கும், அல்லது நடுவில் யாரோ கதவைத் திறந்திருப்பார்கள்.

இந்த வீட்டின் முடிவு: 50 பாஸ்கலில் மணிக்கு 3,920 கன மீட்டர், அதாவது வீட்டுக் காற்று மணிக்கு 14 முறை மாறுகிறது. மிகக் குறைந்த வெப்பமே தேவைப்படும் வீடுகளுக்கான பாசிவ் ஹவுஸ் தரத்தில் அனுமதி 0.6. ஓட்டைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர். 45 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு சன்னல் இரவும் பகலும் திறந்தே கிடப்பதற்குச் சமம். சாதாரண நாட்களின் கசிவுக்கு 14-ஐ 20-ஆல் வகுப்பது பழைய கைக்கணக்கு: மணிக்கு 0.7 முறை. துல்லியமில்லை, ஆனால் முதல் மதிப்பீட்டுக்குப் போதும். அதன்படி காற்றால் போவது டிகிரிக்கு 65 வாட். தாளில் போட்டது 46. காணாமல் போன 92-ல் 19 கிடைத்துவிட்டது.

எண்ணைவிட மதிப்புள்ள பகுதி, விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது கசிவின் வழியைத் தேடுவது. அதற்கு, அழுத்த வேறுபாட்டை அளக்கும் மேனோமீட்டரின் மெல்லிய குழாயே பெரிய கருவி. வீடு 50 பாஸ்கல் தாழ்ந்திருக்கையில், குளியலறையில் கழிவுக் குழாயை மறைக்கும் பலகைப் பெட்டியில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, குழாயை நுழைத்து, அறைக்கும் பெட்டிக்கும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள். பெட்டி உண்மையில் வீட்டுக்குள் இருந்தால் சுழியம் காட்ட வேண்டும். வெளியுலகோடு சேர்ந்திருந்தால் 50. இங்கே 41 காட்டுகிறது. பார்வைக்கு அறையின் நடுவில் நிற்கும் பெட்டி, காற்றின் கணக்கில் வெளியே இருக்கிறது! இரண்டு ஓட்டைகள் வரிசையாக இருப்பதால், 41-ம் 9-ம் பிரியும் விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் பெட்டிக்கும் பரணுக்கும் இடையிலான திறப்பு, பெட்டிக்கும் அறைக்கும் இடையிலானதைவிடச் சுமார் 2.7 மடங்கு. பரணில் ஏறிக் கிளாஸ் வூலைத் தூக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். 110 மில்லிமீட்டர் குழாய்க்காக மேல்தளத்தின் கூரைப்பலகையில் 200-க்கு 200 மில்லிமீட்டர் ஓட்டை வெட்டி, குழாயை விட்டபின் அப்படியே விட்டிருக்கிறார்கள். மிச்சத் திறப்பு 305 சதுர சென்டிமீட்டர், வீட்டின் மொத்த ஓட்டையில் ஏழில் ஒரு பங்குக்குச் சமமான அளவு. அதன்மேல் கிடந்த கிளாஸ் வூல் அடியில் கறுத்திருக்கும். அது பூஞ்சை அல்ல, வடிகட்டிபோல் காற்றின் தூசியைப் பிடித்த தடம். பரணில் எங்கெல்லாம் கிளாஸ் வூல் கறுத்திருக்கிறதோ அங்கெல்லாம் கீழே ஓட்டை உண்டு. இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை. கிளாஸ் வூல் வெப்பத்தைத் தடுக்கும். ஊடே போகும் காற்றைத் தடுக்காது.

தெர்மல் கேமரா

பரப்புகளின் வெப்பநிலையை வண்ணப் படமாகக் காட்டும் இந்தக் கேமராவைக் கையில் எடுத்ததும் கண்ணாடியையும் ரேடியேட்டரையும் படம் பிடிப்பதுதான் பலரும் செய்வது. இரண்டாலும் பயனில்லை. கண்ணாடியில் தெரிவது பெரும்பாலும் பிரதிபலிப்பு. பளபளப்பான உலோகத்தில் காட்டும் எண்ணும் நம்பத்தக்கதல்ல. வர்ணம் பூசிய சுவர், பலகை, ஓடு இவற்றுக்கு உமிழ்திறனை (பரப்பு வெப்பத்தைக் கதிர்வீசும் திறன்) 0.95 என்று வைத்தால் சரியாக வரும்.

உள்ளுக்கும் வெளிக்கும் குறைந்தது 10 டிகிரி வேறுபாடு இருக்க வேண்டும். விடியலுக்கு முன் எடுப்பது நல்லது. முந்தின இரவே சுவரில் மாட்டிய படங்களைக் கழற்றி, அலமாரிகளைச் சுவரைவிட்டு நகர்த்திவிட வேண்டும். வண்ண அளவுகோலைத் தானியங்கியில் விடாமல் 8 முதல் 10 டிகிரி அகலத்தில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் அரை டிகிரி வேறுபாடுகூடப் பயங்கரமாகத் தெரியும்.

என்ன எதிர்பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உள்ளே 20, வெளியே 0 என்றால், காப்புள்ள சுவரின் உட்புறம் 20 − (0.13 × 0.5 × 20) = 18.7 டிகிரி. காப்பு நிரம்பாத இடத்தில் யூ மதிப்பு 1.5, எனவே 16.1. வெற்றுக் கூரைப்பலகையில் 15.4. வேறுபாடு இவ்வளவுதான். படத்தில் 10 டிகிரி பள்ளம் தெரிந்தால் அது காப்புக் குறை அல்ல. காற்று அல்லது ஈரம். ஈரமா என்று பார்க்க ஈரமானியைக் குத்துங்கள்.

ஒவ்வொரு அறையையும் இரண்டு முறை எடுப்பதுதான் முறை: விசிறி ஓடாமல் ஒன்று, 20 முதல் 30 நிமிடம் ஓடியபின் அதே கோணத்தில் இன்னொன்று. இரண்டிலும் மாறாமல், நேர்விளிம்போடு சதுரமாகத் தெரிவது காப்பில்லாத இடம். விசிறி ஓடியதும் புதிதாக முளைத்து, விளிம்பிலிருந்து விரல்போல நீண்டு பரவுவது காற்று. இந்த வேறுபாடு தெரியாமல் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு எந்தச் சுவரையும் உடைக்க வேண்டாம்.

கண்டவை

சன்னல்களுக்குக் கீழும், சுவரின் உச்சியில் சில பட்டைகளிலும் ஊதிய காப்பு எட்டவில்லை. மொத்தம் 12 சதுர மீட்டர். யூ மதிப்பு 0.5-க்குப் பதில் 1.5; கூடுதல் இழப்பு 12 வாட்.

பரணில் மூன்று குறைகள். குளியலறையின் மேல் 5 சதுர மீட்டர் தாழ்வான கூரைப்பலகை. உயர வேறுபாட்டில் கிளாஸ் வூல் சரிந்து பலகை வெறுமையாகக் கிடக்கிறது. யூ மதிப்பு 2.3, அந்த 5 சதுர மீட்டர் மட்டும் கூடுதலாக 10.5 வாட் இழக்கிறது, அதாவது நன்றாக மூடிய மற்ற 51 சதுர மீட்டரும் சேர்ந்து இழப்பதற்கு ஏறக்குறைய சமம். இறவாரத்தை ஒட்டி 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு, வெளிக்காற்று கிளாஸ் வூலுக்குள்ளேயே புகுந்து போவதால் 5.5 வாட். பரண் கதவு வெறும் பலகை, 1.5 வாட். கூடுதல் 17 வாட்டுக்குப் பக்கத்தில்.

பொதுச் சுவர்தான் எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது. மாடி அறையில் அந்தச் சுவர் 20 டிகிரியில் இருந்திருக்க வேண்டும், கேமராவில் 18.7. வெளிச்சுவரைப் போலவே குளிர்ந்திருக்கிறது. பரணில் அதே சுவரின் நீட்சி, சுற்றியுள்ள காற்றைவிட மூன்று, நான்கு டிகிரி சூடாக இருக்கிறது. நடப்பது இதுதான்: இரண்டு வீடுகளும் தத்தம் பக்கத்துச் செங்கல்லைச் சூடாக்குகின்றன. நடுவிலுள்ள இடைவெளியில் காற்று சூடாகி மேலெழுந்து, உச்சியில் பரணுக்குள் வெளியேறுகிறது. அதன் இடத்துக்கு, வெளிச்சுவரின் இடைவெளியோடு சேரும் ஓரங்கள் வழியாகக் குளிர்காற்று வருகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பின் வரிசை வீடுகளில் 1970-களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சுற்றுவழிகளைக் கண்டறிந்தார்கள். இங்கிலாந்தின் கட்டட விதிமுறை 2010-ல்தான் இதைக் கணக்கில் சேர்த்தது: நிரப்பாத, ஓரம் அடைக்காத பொதுச் சுவருக்கு யூ மதிப்பு 0.5, ஓரம் மட்டும் அடைத்தால் 0.2, நிரப்பி, ஓரமும் அடைத்தால் சுழியம். 40 சதுர மீட்டருக்கு 0.5 என்றால் 20 வாட்.

இதை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டின் சன்னல், கதவு எல்லாவற்றையும் யூ மதிப்பு 1.2 உள்ளதாக மாற்றினாலும் மிச்சமாவது 16 வாட். பரணில் இன்னும் 100 மில்லிமீட்டர் போட்டால் 4 வாட். தாள் கணக்கில் சுழியம் என்று எழுதிய ஒரு சுவர் இரண்டையும் சேர்த்த அளவுக்கு வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

19, 12, 17, 20 சேர்த்தால் 68. மிச்சம் 24. இங்கேதான் ஒட்டிய ஜிப்சம் போர்டு வருகிறது. பசை உருண்டைகளுக்கு இடையே போர்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் 10 முதல் 25 மில்லிமீட்டர் வெற்றிடம். போர்டின் மேல்விளிம்பு அடைபடாததால் அந்த வெற்றிடம் பரணோடு சேர்கிறது. தளச் சட்டங்கள் சுவரில் நுழையும் இடங்களில் சுவரிடைவெளியோடும் சேர்கிறது. குளிர்காற்று காப்புக்கும் அறைக்கும் நடுவிலேயே உலவுகிறது. குளிர்காலத்தில் கம்பளி உடுப்புக்கு உட்புறம் காற்று புகுவது போன்றதுதான் இது. உடுப்பு எத்தனை தடிமன் என்பது அங்கே பேச்சே இல்லை. வெளிச்சுவரின் மின் சாக்கெட்டில் விசிறி ஓடும்போது, மெல்லிய புகை விடும் புகைபேனாவை நீட்டினால் புகை அறைக்குள் சீறுவது இதனால்தான். இந்த இழப்பைத் தனியாக அளப்பது கடினம். 24 முழுவதும் இதுதான் என்று சொல்ல முடியாது. மீட்டர் கணக்கின் பிசகும் அதற்குள் இருக்கிறது.

வேலை: மேலிருந்து கீழே

உள்ளே 20, வெளியே 0 எனும்போது 5 மீட்டர் உயரத்தில் சூடான காற்று உண்டாக்கும் அழுத்தம் சுமார் 4 பாஸ்கல். உச்சியில் 2 வெளியே தள்ளும், அடியில் 2 உள்ளே இழுக்கும், நடுவில் ஏறக்குறைய சுழியம். ஆகவே ஒரே அளவு ஓட்டை பரண் தளத்தில் இருந்தால் மிக அதிகமாகவும், நடு உயரத்துச் சன்னலில் இருந்தால் குறைவாகவும் கசியும். பலரும் முதலில் சன்னலின் விரிசல்களில் சிலிக்கோன் பூசுகிறார்கள். உண்மையில் அது கடைசி வேலை.

முதலில் பரண். கிளாஸ் வூலை ஒதுக்கி, கழிவுக் குழாய் ஓட்டைக்கு 25 மில்லிமீட்டர் பாலிஐசோசயனுரேட் (கெட்டி நுரைக் காப்பு) பலகையை இரண்டு பாதியாக வெட்டி, குழாய்க்கு அரைவட்டம் எடுத்துப் பொருத்தி, சுற்றிலும் பாலியூரித்தேன் ஃபோம். விரிவு குறைந்த ஃபோமை வாங்குங்கள். விரிவு அதிகமானது மெல்லிய பலகையை வளைத்துவிடும். பரப்பில் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தால்தான் நன்றாகப் பிடிக்கும். 5 டிகிரிக்குக் கீழே பல ஃபோம்கள் சரியாக இறுகாது, டப்பாவில் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். அடுத்து உட்சுவர்களின் மேல்விளிம்பு, மின்கம்பித் துளைகள், போர்டின் மேல்விளிம்பு. புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடாது: தகரத் தகடும் தீத்தாங்கும் சீலன்டும்தான். கிளாஸ் வூல் அதைத் தொடாமல் நிற்கட்டும், இடைவெளி உள்ளூர் விதிப்படி.

பரண் கதவின் மேல் 100 மில்லிமீட்டர் பாலிஐசோசயனுரேட் பலகை, சட்டத்தில் உள்ளீடற்ற ரப்பர் பட்டை, அதை அழுத்திப் பிடிக்க இரண்டு கொக்கிகள். கொக்கி இல்லாத பட்டை வீண். மெல்லிய கதவின் எடை ரப்பரை நசுக்காது.

இறவாரத்தில் கைமரங்களுக்கு இடையே காற்றுத்தட்டு வைத்து, ஓட்டுக்கடியில் 50 மில்லிமீட்டர் காற்றோட்டம் விட்டு, கிளாஸ் வூல் சுவரின் தலையை முழுதும் மூடும்படி தள்ளுங்கள். தட்டின் கீழ்விளிம்பு கிளாஸ் வூலின் ஓரத்தை மறைக்க வேண்டும். தாழ்வான கூரையின் பக்கங்களைப் பலகையால் அடைத்து, அடி வரை கிளாஸ் வூல் நிரப்புங்கள். இத்தனையும் முடிந்தபின்தான் 300 மில்லிமீட்டராக உயர்த்துவது.

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பதற்கு வெப்பத்தைவிடப் பெரிய காரணம் ஈரம். 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் 8.6 கிராம் நீராவி. 0 டிகிரியில் காற்று தாங்குவது 4.8 கிராம்தான். மணிக்கு 50 கன மீட்டர் வீட்டுக் காற்று குளிர்ந்த பரணுக்கு ஏறினால், ஒரு நாளில் நாலரை லிட்டர் தண்ணீர் வரை விடமுடியும். அடைக்காமல் காப்பை மட்டும் கூட்டினால் பரண் இன்னும் குளிர்ந்து, அந்தத் தண்ணீர் கைமரத்திலும் ஓட்டின் அடித்தாளிலும் படியும். "காப்பு போட்டபிறகுதான் பரண் ஒழுகுகிறது" என்பவர்கள் கூரையைக் குறை சொல்வார்கள், கூரையில் பழுதிருக்காது.

பொதுச் சுவர் வேலைக்கு ஊதிச் செலுத்தும் கனிமக் கம்பளிதான் வேண்டும். எரியாத பொருளாக இருக்க வேண்டும், சுவர் இரண்டு வீட்டுக்கும் நடுவிலான தீத்தடுப்பு என்பதால். அண்டை வீட்டாரின் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. உச்சியையும் வெளிச்சுவரோடு சேரும் செங்குத்து ஓரங்களையும் அடைப்பது இதில் பாதி வேலை. அதை விட்டால் 20 வாட்டும் திரும்பி வராது. வெளிச்சுவரின் 12 சதுர மீட்டருக்கு, கேமராப் படத்தில் குறித்த இடங்களில் துளையிட்டு மறுபடி ஊதுவது போதும். பாலிஸ்டைரீன் மணிகளைப் பயன்படுத்தினால் பிவிசி மின்கம்பியைத் தொடாதபடி குழாய்க்குள் விடுங்கள். மணிகள் பிவிசியின் மென்மையூட்டியை உறிஞ்சி உறையை நொறுங்க வைக்கும். தடித்த காப்புக்குள் புதையும் கம்பி சூடேறும், தாங்கும் மின்னோட்டம் குறையும் என்பதால் மின்பணியாளரிடம் காட்டுங்கள்.

போர்டுக்குப் பின்னுள்ள வெற்றிடத்தை முழுவதும் நிரப்ப முயல வேண்டாம். கூரை, தரை, சன்னல் சட்டம் ஆகிய விளிம்புகளில் 200 முதல் 300 மில்லிமீட்டருக்கு ஒரு 8 மில்லிமீட்டர் துளை போட்டு, ஃபோமை ஒரு தொடர்ப்பட்டையாக விட்டால் காற்று சுழல்வது நிற்கும். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகையின் அடியில் நெகிழும் அக்ரிலிக் சீலன்ட். 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் முதலில் ஃபோம் கயிற்றைத் திணித்துவிட்டு மேலே பூசுங்கள்.

மூச்சும் தீயும்

அடைத்த வீட்டுக்குக் காற்று வேண்டும். ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டர் என்றால் நால்வருக்கு 120; இந்த வீட்டுக்கு மணிக்கு 0.43 முறை. வேலைக்குப்பின் புளோயர் டோரில் 7 வந்தால் கசிவு 0.35-தான். குளியலறையிலும் சமையலறையிலும் இடைவிடாமல் மெதுவாக ஓடும் வெளியேற்று விசிறி வைத்து மொத்தத்தை 0.45-க்குக் கொண்டுவர வேண்டும். விசிறியின் குழாய் பரணில் முடியாமல், காப்பு சுற்றிக் கூரைக்கு வெளியே போகட்டும். நான்கு பேர் நாளுக்குச் சுமார் 10 லிட்டர் நீராவி விடுகிறார்கள். 20 டிகிரி, 50 சதவீதத்தில் சுவரின் எந்த மூலையும் 12.6 டிகிரிக்குக் கீழே போனால் அங்கே பூஞ்சை பிடிக்கும்.

அறைக்காற்றை எடுத்து எரியும் சாதனம் எதுவும் வீட்டில் இருந்தால், அடைத்தபின் எல்லா விசிறியையும் ஒன்றாக ஓடவிட்டு, கதவு சன்னலை மூடி, புகைபோக்கி மேலே இழுக்கிறதா என்று தகுதியுள்ளவர் பார்க்க வேண்டும். புகை திரும்பி வந்தால் அதில் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். எச்சரிக்கைக் கருவி பொருத்தாமல் அடைக்கும் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பரணில் தண்ணீர்க் குழாய் ஓடினால் அதற்கும் உறை வேண்டும். பரண் இனி முன்னைவிடக் குளிரும், குழாய் உறைந்து வெடிக்கக்கூடும்.

வேலைக்குப் பின்

காற்று 65-லிருந்து 42, மிச்சம் 23. பொதுச் சுவர் 20. பரண் 17-உம், தடிமன் கூட்டியதற்கு 4-உம், ஆக 21. சுவர் 12. போர்டு இடைவெளியில் பாதி பலித்தது என்று வைத்தால் 12. மொத்தம் 88, 290 என்பது 202 ஆகிறது. வெப்பத் தேவை நாள்-டிகிரி (ஒவ்வொரு நாளும் வெளியே எத்தனை டிகிரி குறைவு என்பதன் ஆண்டுக் கூட்டுத்தொகை) 2,500 உள்ள ஊரில், 88 × 24 × 2,500 என்று பெருக்கினால் ஆண்டுக்கு 5,280 கிலோவாட்-மணி வெப்பம். 86 சதவீத பாய்லரில் எரிபொருளாக 6,140. பரணில் 100 மில்லிமீட்டர் மட்டும் கூட்டியிருந்தால் வெப்பத்தில் கிடைத்திருப்பது சுமார் 235. உங்கள் ஊரின் நாள்-டிகிரியை 2,500-க்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

உறுதிப்படுத்த, அடுத்த குளிர்காலத்தில் அதே மீட்டர் வரைபடத்தைத் திரும்பப் போடுங்கள். மொத்தச் செலவை ஒப்பிடாதீர்கள்; குளிர் கூடிய ஆண்டில் செலவு ஏறியும் சாய்வு இறங்கியிருக்கும். மாடி இப்போது குளிராததால் தெர்மோஸ்டாட்டை உயர்த்தியிருந்தாலும் அப்படித்தான். சாய்வு இறங்கவில்லை, ஆனால் பரண் தெர்மாமீட்டர் 1 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்றால், மிச்ச இழப்பு பரணில் இல்லை. தரையிலோ போர்டுக்குப் பின்னாலோ தேட வேண்டும்.

இன்னொரு லாபத்தைப் பலர் எடுப்பதில்லை. வெளியே 0 எனும்போது வீட்டுக்கு வேண்டிய வெப்பம் 5.8 கிலோவாட்டிலிருந்து 4-ஆகக் குறைந்திருக்கிறது. ரேடியேட்டர்கள் அதேதான். நீரின் சராசரி 70 டிகிரியாக இருந்தால் இனி 58 போதும், அதாவது போகும் நீர் 63, திரும்பும் நீர் 53. திரும்பும் நீர் 55-க்குக் கீழே வந்தால்தான் எரிவாயுக் கண்டென்சிங் பாய்லர் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தைப் பிடிக்கும். பாய்லரின் நீர் வெப்பநிலையை ஒரேயடியாகக் குறைக்காமல் படிக்கு 3 டிகிரி வீதம் குறைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். எல்லா அறையும் சரியாக இருந்து ஓர் அறை மட்டும் பின்தங்கினால் நீரைத் திரும்பச் சூடாக்காதீர்கள். முந்திச் சூடாகும் அறைகளின் ரேடியேட்டர் வால்வைக் கால் திருகு அடைத்து, நீரைப் பின்தங்கிய அறைக்குத் திருப்புங்கள்.